விடுளா!

உதவிப் பயிற்சியாளர் வேலைக்கு ஒரே ஓர் இடம். அதுவும் ஜெபசுதாவுக்குத்தான் என்று முடிவாகிவிட்டதை நான் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். அவள் பயிற்சியாளர் ஈவாஞ்சலினின் சித்தப்பா மகள். இருவருக்கும் சொந்த ஊர் நாசரேத். மூன்று தலைமுறையாக வீடு நிறைய வாத்தியார்கள்.

எனக்கு உடன்குடிப் பக்கம். அப்பா பனையேறி. எங்கள் குடும்பத்தில் பட்டச் சான்றிதழை லேமினேட் செய்த முதல் ஆள் நான். பி.எஸ்சி. இயற்பியல். இரண்டு வருடமாக அந்த லேமினேஷன் மட்டும்தான் பளபளக்கிறது.

தூத்துக்குடியில் பெண்களுக்கு இலவசமாகப் பாய்மரப் படகுப் பயிற்சி, பத்து நாள், முடிவில் ஒருத்திக்கு வேலை என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம். முதல் நாள் போட்டோவுக்கு என்னை முன்வரிசையில் இழுத்து நிறுத்தினார்கள். பனையேறி மகள் படத்தில் இருந்தால் யாருக்கு என்ன லாபம் என்று யோசித்துக்கொண்டே பல்லைக் காட்டினேன்.

“மேடம் கீடம்லாம் வேண்டாம்ளா முத்துக்கனி, அக்கான்னு கூப்பிடு” என்றாள் ஈவாஞ்சலின்.

“மேடம்னே இருக்கட்டும் மேடம்.”

எட்டுப் பேரில் ஆறு பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். பத்தாம் நாள் தேர்வுக்கு நானும் ஜெபசுதாவும்தான் மிச்சம். தனியாகப் படகை ஓட்டிப்போய், ஆரஞ்சு மிதவையைச் சுற்றிவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும். அன்றைக்கென்று மேல்காற்று விட்டுவிட்டு அறைந்தது. அனல்மின் நிலையத்துப் புகை கடலைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது.

“முதல்ல நீ போ” என்றாள் ஈவாஞ்சலின். காற்று அடங்கட்டும் என்று தங்கச்சியைப் பின்னால் வைத்துக்கொள்கிறாள். வேறென்ன?

ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு; பயிற்சியில் அதற்குப் பெயர் ‘ஷீட்’. மிதவைவரை நன்றாகவே போனேன். திரும்பும்போது காற்று மொத்தமாகப் பாயில் வந்து விழுந்தது. படகு ஒருச்சாய்ந்து, தண்ணீர் உள்ளே ஏறியது. மோட்டார் படகில் பின்னாலேயே வந்த ஈவாஞ்சலின் கத்தினாள்.

“விடுளா! விட்டுரு!”

விட்டுருவா? ஆக, வாயைத் திறந்து சொல்லியே விட்டாள். வேலையை விட்டுக்கொடுக்க வேண்டுமாம். கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

“விடமாட்டேன் மேடம்!”

“ஏளா கோட்டிக்காரி, விடு!”

எங்கள் ஊரில் ‘கையை விட்டுட்டான்’ என்றால் பனையிலிருந்து விழுந்துவிட்டான் என்று அர்த்தம். இடுப்பொடிந்து கிடக்கும் லிங்கராஜ் மாமாவை இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் என் விரல்கள் தானாக இறுகும்.

படகு கவிழ்ந்தது.

மூக்கெல்லாம் உப்புத்தண்ணீர். ஈவாஞ்சலின் கை நீட்டினாள். “தொடாதீங்க!” என்றேன். தொட்டால் தோல்வி என்று எழுதிவிடுவாள். கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தேன். மூன்றாவது தடவை படகு நிமிர்ந்தது. நானே ஓட்டிக் கரை சேர்ந்தேன்.

“விடுன்னா ஏன்ளா விடல?”

“வேலைய நான் எதுக்கு விடணும்?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “கயித்தச் சொன்னேன்ளா! கயித்த விட்டா பாய் தளரும், படகு தானா நிமிரும். முதல் நாளே சொல்லித் தந்தேன்லா?”

“அன்னைக்கு ‘ஷீட்ட ரிலீஸ் பண்ணு’ன்னு சொன்னீங்க. கயிறுன்னும் சொல்லல, விடுன்னும் சொல்லல.”

அவள் மோட்டார் படகைக் கிளப்பப் போனாள்.

அடுத்து ஜெபசுதா. நானும் மோட்டார் படகில் ஏறிக்கொண்டேன். தங்கச்சிக்கு என்ன சலுகை நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டாமா? காற்று அடங்கவே இல்லை. மிதவையைத் திரும்பியதும் அவள் படகும் சாய்ந்தது.

“ஜெபா, ரிலீஸ்! ஷீட்ட ரிலீஸ் பண்ணு!” என்று கத்தினாள் ஈவாஞ்சலின். ஜெபசுதா பயத்தில் கயிற்றை நெஞ்சோடு சேர்த்து இழுத்தாள்.

கவிழ்ந்தால் அவளால் நிமிர்த்த முடியாது. பயிற்சியில் ஒருநாளும் முடிந்ததில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் போதும், வேலை எனக்கு. ஒரு மூச்சு நேரம் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். அவள் கண் என் மேல் விழுந்தது.

“ஏளா! கயிறு பிடிச்ச கைய விரி! விரல விரி!”

விரித்தாள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு நிமிர்ந்து நின்றது.

கரையில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஈவாஞ்சலின் என்னிடம் வந்தாள்.

“திங்கக்கிழம காலைல ஆறு மணிக்கு வந்துரு. புது பேட்ச் வாராங்க.”

“கவுந்தவளுக்கா வேலை?”

“நான் கத்துனது ஒனக்கும் விளங்கல, அவளுக்கும் விளங்கல. நீ கத்துனது விளங்கிச்சு. படகு ஓட்ட நான் இருக்கேன்.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இடித்தது.

“எழுத்துல தாங்க மேடம்.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஈரமான வருகைத்தாளின் பின்பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினாள். இரண்டு தடவை வாசித்தேன். பெயர் சரி. இனிஷியலும் சரி.

“தேதி போடல” என்று திருப்பிக் கொடுத்தேன்.