கன்னத்தில் ஒரு கோடு

மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பியபோது ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்று முப்பது வருடமாக மார்தட்டி வந்தார் தலைமையாசிரியர். இன்று அந்த மகளே தன் கல்யாண நெகட்டிவ்களை வீட்டில் ஸ்கேன் செய்தாள். அன்று பிரிண்ட் போடாமல் விட்ட படமொன்று திரையில் விரிந்தது. காருக்குப் பின்னால் அப்பா. கன்னத்தில் பளபளவென்று ஒரு கோடு.

"அழுதிருக்கீங்களேப்பா!"

"தூசிம்மா. நல்லாத் துடைச்சுட்டுப் போடு."

காற்றடித்தாள், மெல்லிய துணியால் துடைத்தாள், மறுபடி ஸ்கேன் செய்தாள். கோடு அசையவில்லை.

"கம்ப்யூட்டர்லயே அழிச்சிடட்டுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் துடைத்தார்.

"வேணாம், இருக்கட்டும். உன் மாமனார் வீட்டுக்காரங்களுக்கு மட்டும் அனுப்பிடாதே. குடும்ப மானம் போயிடும்."