முதல் பரிசு வாங்கிய பேச்சு

சித்தப்பா தீனதயாளன் ஃப்ரீசர் பெட்டியின் மூடியைத் தூக்கி, அப்பாவின் கையருகே குவார்ட்டர் பாட்டிலை வைக்கப் போனார். தெருமுனையில் பள்ளிச் சீருடைகளைப் பார்த்துவிட்ட பிரபாவதி அதைப் பிடுங்கித் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இன்னா பாப்பா? உங்கப்பன் ஆசையா குடிச்சது. வெறுங்கையோடவா அனுப்புவ?"

"ஸ்கூல்லேர்ந்து வராங்க சித்தப்பா. அப்பால வெச்சிக்கலாம்."

"வந்தா இன்னா? செங்கல்வராயன் குடிகாரன்னு கோவளத்துல எந்த நாய்க்குத் தெரியாது?"

கோவளத்துக்குத் தெரியும். பள்ளிக்கூடம் இருந்தது கேளம்பாக்கத்தில்.

போதை ஒழிப்பு தினப் பேச்சுப் போட்டியில் மற்ற பிள்ளைகள் புள்ளிவிவரம் சொன்னார்கள். பிரபாவதி அப்பாவைச் சொன்னாள். 'என் அப்பா மூன்று வருடத்துக்கு முன்பு ஒரே நாளில் குடியை விட்டார். மன உறுதி இருந்தால் போதும்.' கைதட்டல் ஓயவில்லை. முதல் பரிசு. தமிழ்ச்செல்வி டீச்சர் அதோடு விடாமல், பெற்றோர் கூட்டத்தில் வந்து பேசச் சொல்லி அப்பாவுக்கே போன் செய்துவிட்டார்.

அப்பா திட்டவில்லை. "என்னப் பத்தியா பேசுன?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஐஸ் லோடு இறக்கிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். கடைப்பக்கம் போகவில்லை.

பிறகு கை நடுங்கத் தொடங்கியது. தூக்கம் இல்லை, படுக்கை வேர்வையில் நனைந்தது. சுவரில் இல்லாத எறும்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் அம்மா. "அங்க கேட்டா இன்னான்னு சொல்லுவ? தானா சரியாயிடும்" என்று பிரபாவதிதான் ஜன்னலைச் சாத்தினாள். நேற்று விடியற்காலையில் வலிப்பு வந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். "தினம் குடிக்கிறவரு திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா. நடுக்கம் வந்தப்பவே கூட்டிட்டு வந்திருந்தா மருந்து குடுத்து நிறுத்தியிருக்கலாம்."

டீச்சர் பெட்டி மேல் மாலையை வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தார். "குடிய விட்டு இத்தன வருஷம் நல்லா இருந்த மனுஷன். இப்படி ஆயிடுச்சே."

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். கருங்குழியிலிருந்து வந்திருந்த அத்தைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஜெஸ்ஸி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரே பெஞ்சுக்காரி. காதோரம் குனிந்து சொன்னாள்.

"இப்போ சொல்லக் கூடாதுதான். எங்கப்பாவும் நிறுத்திட்டாருடி. உன் பேச்ச வீடியோ எடுத்தேனே, அதப் போட்டுக் காட்டுனேன். முந்தாநாள்லேர்ந்து ஒரு சொட்டு இல்ல."

"கை நடுங்குதா?"

"நடுங்குது. பூச்சி ஓடுதுன்னு வேற உளறிகினு கீறாரு. வெளிய போனா குடிச்சிடுவாருன்னு அம்மா ரூம்ல வெச்சுப் பூட்டிட்டாங்க."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போ. இப்பவே."

"எதுக்குடி? உங்கப்பாவுக்கு அப்போ ஒண்ணும் ஆவலயே. மூணு வருஷமா நல்லாத்தானே இருந்தாரு?"

டீச்சர் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பட்டாவுக்குள் பாட்டில் விலாவில் அழுத்தியது.

"மூணு வருஷம் இல்ல," என்றாள் பிரபாவதி. "மூணு நாளு."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஒப்பாரி நின்றது.

"நான் சொன்னது பொய்யி. அத நெசமாக்கத்தான் நிறுத்துனாரு. டக்குனு நிறுத்துனதாலதான் செத்தாரு. ஆஸ்பத்திரி வேணாம்னது நானு. போடி, உங்கம்மாவுக்குப் போன் பண்ணு."

டீச்சரின் முகம் என்னவோ ஆனது. 108-க்குப் போன் போட்டபடியே ஜெஸ்ஸியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நின்ற ஆட்டோவுக்கு ஓடினார். மற்ற பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் போனார்கள்.

ஃப்ரீசர் பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரும் பிரபாவதியின் பக்கம் திரும்பவில்லை.

வாசலில், செருப்புக் குவியலுக்கு நடுவே ஜெஸ்ஸியின் கறுப்பு ஷூ கிடந்தது. சாக்ஸ் உள்ளே சுருட்டி வைத்தபடி இருந்தது. அம்மா எழுந்து போய், வருகிறவர்கள் மிதித்துவிடாமல் அந்த ஷூவை எடுத்துச் சுவரோரம் சேர்த்து வைத்தாள்.