மறுபக்கத் தையல்

டி. நகரில் சேலை விற்றுப் பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் திருப்பிப் பார்ப்பார்கள். பட்டின் முகத்தைப் பார்த்து மயங்குவது வாங்குகிறவர் வேலை. மறுபக்கத்தில் ஜரிகை நூல் எப்படித் தொங்குகிறது என்று பார்ப்பது விற்கிறவர் வேலை. வியாதி முற்றியவர்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திருப்பி, முதலில் அச்சகத்தின் பெயரைத்தான் படிப்பார்கள்.

சண்முகவடிவுக்கு நன்றாகவே முற்றியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, உஸ்மான் சாலைக்குப் பின்தெருவில் சேலைக்கடை போட்டு, அங்கேயே தலை நரைத்தவர். அஃப்ரா மேசையில் வைத்த தோல் பர்ஸை எடுத்தார். முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அஃப்ராவுக்கு உயிர் வந்தது. பிறகு திருப்பினார். வந்த உயிர் கடை வாசல்வரை போய் நின்றுகொண்டது.

"ஏம்மா, முன்னால தையல் எறும்பு வரிசை மாதிரி போகுது. இங்க அதே எறும்பு மழையில மாட்டுன மாதிரில்லா கெடக்கு?"

பொய்யில்லை. ஒரு பக்கம் ரூல் போட்ட மாதிரி நேர்க்கோடு. மறுபக்கத்தில் துளைகள் வாய் பிளந்து, ஒன்று மேலே, ஒன்று கீழே.

"பின்னாடி யாருக்கா பார்ப்பாங்க?" என்று அஃப்ரா வாய் தவறிக் கேட்டுவிட்டாள். அந்தத் தெருவில் கேட்கக்கூடாத கேள்வி.

"நான் பாத்தேனே" என்றார் சண்முகவடிவு. கோபமில்லை. இடமும் வலமும் நின்ற விற்பனையாட்கள் இரண்டு பேரைக் காட்டினார். "இவ வேலம்மா. அவன் முருகன். காலையில எழுந்ததும் சூரியன் எந்தப் பக்கம்னு கேட்டாலும் ஆளுக்கொரு திசையைக் காட்டுவாங்க. ஆனா துணியில முகம் எது முதுகு எதுன்னு மட்டும் ரெண்டு பேரும் தப்பவே மாட்டாங்க. கல்யாண சீசனுக்கு ஒரு ராக் காலி பண்ணுதேன். அடுத்த வாரம் ஆறு பர்ஸ் கொண்டா. ரெண்டு பேர் கையிலயும் குடுப்பேன். எது முகம்னு அவங்க சண்டை போட்டாங்கன்னா ராக் உனக்கு. ஒத்துமையா காட்டிட்டாங்கன்னா, ஒரு காப்பி குடிச்சுட்டுப் போயிரு."

அந்த ராக்குக்காக அஃப்ரா ஏன் அப்படித் தவித்தாள் என்று சொல்லிவிட வேண்டும். அவள் இரண்டு வருடமாகத் தோல் பை தைக்கிறாள், இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். வாங்கியவர்கள் எல்லாரும் சித்தி மகள், ஸ்கூல் தோழி, தோழியின் நாத்தனார். தெரிந்தவர்கள் வாங்குவது வியாபாரமல்ல, மொய். முகம் தெரியாத ஒருத்தி வர வேண்டும். நாலு குறை சொல்ல வேண்டும். வாசல்வரை போய்த் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் தன் பையும் ஒரு பைதான் என்று அவள் நம்புவாள்.

வீடு மயிலாப்பூரில், ராயப்பேட்டையை ஒட்டிய ஒரு அடுக்குமாடியில். வந்ததும் அஃப்ரா ஒரு துண்டுத் தோலை எடுத்துத் தரையில் இருந்த ரப்பர் பாயின்மேல் வைத்தாள். கை ஊசியால் தோலை அப்படியே குத்த முடியாது. முள்கரண்டி மாதிரிப் பல் வைத்த உளியை வைத்துச் சுத்தியால் அடித்து, துளைகளை முதலில் வரிசையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த உளியை இன்று அடிக்காமல், மெல்ல அழுத்தி, கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தாள்.

தோல் குழிந்தது. தலையணையில் விரலை அழுத்தினால் உறை எப்படி உள்ளே போகுமோ அப்படி. உளி நேராகத்தான் இறங்கியது. அடியில் தோல்தான் வளைந்து கொடுத்து, வெளியே வரும் இடத்தில் கிழிந்தது. குற்றம் கையிலில்லை, பாயில்.

பாய் அவள் கணவன் ரெஹான் வாங்கி வந்தது. ரெஹான் ராயப்பேட்டையில் மெத்தை, ரெக்ஸின் வியாபாரி. பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அவனுக்கு ஜீரணமாகாது. அடையாறில் ஒரு ஜிம்மை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், எடை தூக்குகிறவர்கள் இரும்பைப் போட்டாலும் சத்தம் வராத அந்தக் கனமான பாயை அடிமாட்டு விலைக்குப் பேசி, ஆட்டோக்காரரிடமும் பேசி, மாடிக்கு ஏற்றியிருந்தான். காரணம் கீழ்வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி. மாமி அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாட்டு சொல்லித் தருகிறார். மேலே அஃப்ரா சுத்தியைப் போட்டால் நியூஜெர்சியில் தாளம் தப்புகிறது.

"பாய் சரியில்லைங்க" என்றாள் அஃப்ரா.

ரெஹான் நெஞ்சில் கை வைத்தான். "இன்னாம்மா சொல்ற? அந்த ஆளு அழுதுகினே குடுத்தான் அதை!"

"அழுதது நடிப்பு. போனதும் சிரிச்சிருப்பான்."

வேறு எதன்மேல் வைத்து அடிப்பது? முதலில் சப்பாத்திக் கட்டை. மரம் குழியவில்லை, துளையும் பரவாயில்லை. ஆனால் பற்கள் மரத்தின் ரேகைக்குள் போய்க் கவ்விக்கொண்டன. பிடுங்கும்போது உளி ஆடி, போட்ட துளையைக் கெடுத்தது. அன்றைய சப்பாத்தியில் ஓரமாகப் புள்ளிப் புள்ளியாக ஒரு வரிசை இருந்தது.

"இன்னா இது, பஸ் டிக்கெட் மாதிரி கீது?" ரெஹான் தூக்கிப் பார்த்தான். "இந்தக் கோட்டோட கிழிச்சி துன்னணுமா?"

"ஆமா. கிழிச்ச பாதியைக் கண்டக்டர்கிட்ட குடுத்துடுங்க."

அடுத்து சமையல் மேடை. வெறும் கிரானைட் மேல் ஒரே ஒரு அடி. துளை வைரம் மாதிரி விழுந்தது. உளியின் ஒரு பல்லும் மடங்கிப் போனது. கல்லுக்குக் கருணை கிடையாது என்று தெரிந்துகொண்டு, வேறு உளியை எடுத்து, நடுவில் ஆள் வைத்தாள்: காய் நறுக்கும் கெட்டியான நைலான் பலகை. அதைச் சாப்பாட்டு மேசையில் போட்டு அடித்தாள். மேசை துள்ளியது. ஒரே அடியில் இறங்காததால் இரண்டாவது அடி, மூன்றாவது அடி. ஒவ்வொன்றுக்கும் உளி கொஞ்சம் நகர்ந்து, துளைக்குப் பக்கத்தில் துளையின் தம்பி.

கடைசியில் அதே நைலான் பலகையைச் சமையல் மேடைமேல் போட்டாள். மேலே பலகை, அடியில் கல். ஒரே அடி. பல் தோலைத் தாண்டி, பலகையில் கொஞ்சமாகப் பதிந்து, சமர்த்தாக நின்றது. தோலைத் திருப்பினாள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே முகம். அஃப்ரா அடுப்பைப் பார்த்து ஒரு சலாம் போட்டாள்.

ஆனால் அந்த மேடை சுவரில் பதித்தது. சுவர் கீழ்வீட்டுக்கும் சுவர். அவள் சந்தோஷத்தில் ஒரு பர்ஸ் முழுக்க அடித்து முடிப்பதற்குள் எவர்சில்வர் டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் குதித்தன. போன் அடித்தது.

"ஏண்டி அஃப்ரா, என்னடி பண்ணிண்டிருக்கே? எங்காத்துல மிளகாப்பொடி டப்பா நடந்து வந்து விளிம்புல நிக்கறது! ஒரு பொண் குழந்தை 'மிஸ், யாரு மிருதங்கம்?'னு கேக்கறா!"

மன்னிப்புக் கேட்க அஃப்ரா கீழே போனாள். ரெஹானும் பின்னாலேயே போனான். சமாதானம் பேசுவதும் ஒரு வகைப் பேரம்தானே. மாமி கதவைத் திறந்தபடியே திட்டத் தொடங்கினார். அஃப்ராவின் கண் மட்டும் மாமியின் தோளைத் தாண்டிப் பால்கனிக்குப் போய்விட்டது.

அங்கே இரண்டு துளசித் தொட்டிகளுக்கு அடியில் ஒரு கறுப்புக் கிரானைட் துண்டு. சமையல் மேடையில் சிங்க் பதிக்க ஓட்டை போடும்போது வெட்டி எடுக்கிற கல். சென்னையில் எந்த வீட்டிலும் அதைத் தூக்கிப் போட மாட்டார்கள், எதற்கும் உபயோகப்படுத்தவும் மாட்டார்கள். கனம், சமதளம், எந்தச் சுவரோடும் சொந்தம் கொண்டாடாதது. அஃப்ரா கணவனின் முழங்கையைக் கிள்ளினாள். ரெஹானுக்கு விஷயம் புரிந்தது. உடனே அவன் முகத்திலிருந்த ஆர்வமெல்லாம் போய், துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி ஆகிவிட்டது. வியாபாரம் ஆரம்பம்.

"பாவம் மாமி, பால்கனியில இன்னா இது உடைஞ்ச கல்லு? கால்ல இடிச்சிக்கப் போறீங்க."

"உடைஞ்ச கல்லா? ஜெட் பிளாக்! காசைக் கொட்டி எழைச்சிண்டு வந்தது!"

"மூலையில சில்லு போயிருக்குதே."

"உங்காத்துக்கு வேணுமா?" என்றார் மாமி. பாட்டு வாத்தியார் காதுக்கு எந்த ஸ்வரம் பொய் என்று தெரியாதா?

ரெஹான் பார்வையைத் துளசிக்கு மாற்றினான். "வேணும்னு இல்ல... எடுத்துகினு போய் ஒதுக்கி வெச்சா உங்களுக்கு இடம் கிடைக்குமேன்னு..."

அந்த நேரம் பார்த்து மாமியின் வாஷிங் மெஷின் துணியைப் பிழியத் தொடங்கியது. முதலில் முனகியது, பிறகு உதறியது, அப்புறம் பால்கனி மூலையிலிருந்து கிளம்பி, தொட்டிகளை நோக்கிக் குதித்துக் குதித்து வந்தது. மாமி ஓடிப்போய் அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். பழகிய காரியம் போலிருந்தது.

"தினம் இதே கூத்தா மாமி?" என்றாள் அஃப்ரா, சத்தத்தை மீறி.

"இது நிக்கறவரைக்கும் நான் இப்படியே நிக்கணும்! இன்னிக்குக் க்ளாஸ் வேற பாக்கி!"

அஃப்ரா கணவனைப் பார்த்தாள். ரெஹான் கூரையைப் பார்த்தான். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொல்கிறாளே என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் வியாபாரி.

"மாமி, எங்கிட்ட ஒரு ரப்பர் பாய் கீது. பயில்வான்ங்க இரும்பு தூக்கிப் போட்டாலே சத்தம் வராது. இந்த மெஷினு எந்த மூலைக்கு? அடியில போட்டுட்டா அசையாது. உங்களுக்காக..."

"நாத்தம் அடிக்குமே."

"ரெண்டு நாள் வெயில்ல போட்டா போயிடும்."

"அப்போ ரெண்டு நாள் உங்க மொட்டை மாடியில போட்டு, நாத்தம் போனப்புறம் கொண்டு வா. அதுவரைக்கும் கல்லு எங்கிட்ட."

"மாமி, எனக்கு அடுத்த வாரம்..." அஃப்ரா பதறினாள்.

"எனக்குத் தெரியாதாடி? கிள்ளினதைத்தான் பாத்தேனே!" மாமி சிரித்துவிட்டார். "எடுத்துண்டு போ. பாயும் இப்பவே வரட்டும், நாத்தத்தை நான் பாத்துக்கறேன். ஆனா க்ளாஸ் நேரத்துல ஒரு அடி விழப்படாது. விழுந்தா தாளத்தோட விழணும்."

பாய் கீழே இறங்கியது, கல் மேலே ஏறியது. மெஷின் அன்று மாலை நின்ற இடத்திலேயே நின்று பிழிந்தது. படியேறும்போது ரெஹான், "பாய்க்கு ஜெட் பிளாக்! எவன் குடுப்பான்?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே மகிழ்ந்தான். கீழே மாமி தன் தங்கைக்குப் போன் செய்து, வேண்டாத கல்லுக்கு ஜிம் பாய் கறந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் ஏமாற்றிவிட்டதாக நினைக்கிற பேரத்தில்தான் உறவு நீடிக்கும்.

அஃப்ரா தரையில் பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, அதன்மேல் கல், கல்லின்மேல் நைலான் பலகை வைத்தாள். உளியைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு அடி. "தொப்" என்றது. அவ்வளவுதான். ரப்பர் பாயில் ஒரு வரிசைக்குப் பத்துப் பதினைந்து தடவை மொத்த வேண்டியிருந்தது. இங்கே வைத்த இடத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் சுவருக்குப் போகாமல் ஜமுக்காளத்திலேயே அடங்கியது. போனும் அடிக்கவில்லை.

ஆறு பர்ஸ். இரண்டு ஊசி கோத்து, இரு பக்கமிருந்தும் ஒரே துளையில் நுழைத்து, ஒரே இழுப்பில் இறுக்கித் தைத்தாள். துளை நேராக இருந்ததால் நூலுக்கு வேறு வழி தெரியவில்லை.

சண்முகவடிவு முதலில் தானே எடுத்தார். பார்த்தார், திருப்பினார். மறுபடி திருப்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை திருப்பினார்.

"ஏட்டி வேலம்மா, இங்க வா. ஏலேய் முருகா. சொல்லுங்க, முகம் எது?"

"இது" என்றாள் வேலம்மா.

"கண்ணு தெரியலையா? இதுதான்" என்று முருகன் பிடுங்கித் திருப்பினான்.

இரண்டாவதில் இரண்டு பேரும் ஒரே பக்கத்தைக் காட்டினார்கள். அஃப்ராவுக்குக் காப்பி வாசனை வந்தது. அடுத்த நொடி வேலம்மா, "இல்லக்கா, இவன் சொன்னா தப்பாத்தான் இருக்கும், அந்தப் பக்கம்" என்று கட்சி மாறினாள். மூன்றாவதில் அடிதடி. நான்காவதில், சேலை எடுக்க வந்த ஒரு கல்யாண வீட்டம்மாளும் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னார்.

"போதும், வியாபாரத்தைப் பாருங்க" என்றார் சண்முகவடிவு. பிறகு அஃப்ராவிடம், "ராக் உனக்கு. அந்தா, ட்ரயல் ரூம் பக்கத்துல."

"இல்லக்கா. பில் போடுற இடத்துக்கிட்ட."

"அங்க பிளவுஸ் பிட்டு இருக்கு."

"பிளவுஸ் பிட்டு எங்க இருந்தாலும் தேடி வந்து வாங்குவாங்க. பர்ஸு, காசை வெளிய எடுக்கிறப்போதான் ஞாபகம் வரும்."

சண்முகவடிவு அவளை மேலும் கீழும் பார்த்தார். திருப்பிப் பார்க்க முடியாத குறை. "சரி, பில் கிட்டயே வை. யாரு வீட்டு மருமகம்மா நீ?"

இதற்குள் கல்யாண வீட்டம்மாள் ஒரு பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, கலர் மங்கல் என்றார், ஜிப் இல்லை என்றார், சின்னது என்றார். வாசல்வரை போனார். அந்த அம்மாள் திரும்பி வந்து பர்ஸைப் பில் மேசையில் வைத்தார். அஃப்ரா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். முன்பின் தெரியாத முகம். எவ்வளவு அழகான முகம்!

சண்முகவடிவு மற்ற ஐந்தையும் ராக்கில் வரிசையாக நிறுத்தினார். பிறகு அஃப்ராவின் காதருகே குனிந்தார்.

"ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். முகம் எது? நான் மறுபக்கத்தைத்தான் வெளியே காட்டி வைக்கணும். முகத்தைத்தான் ஊரே காட்டுதே."

அஃப்ரா பர்ஸ்களைப் பார்த்தாள். உளி எந்தப் பக்கம் இறங்கியது என்று அடிக்கும்போது தெரிந்திருந்தது. தைத்து, ஓரம் தேய்த்து, மெருகு போட்டு, மாற்றி மாற்றி அடுக்கியதில் இப்போது அவளுக்கும் தெரியவில்லை.

"அதைச் சொல்லக்கூடாதுக்கா" என்றாள். "தொழில் ரகசியம்."