இன்னும் நாலு படம் பாக்கி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை, எரிச்சலில் எழுதுகிறேன். போன வாரம் பரணில் அண்டாவைத் தேடப் போய் அப்பாவின் பெட்டிக் கேமரா கையில் சிக்கியது. துடைத்துப் பார்த்தால் பின்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடியில் ஒன்பது என்று தெரிகிறது. அதாவது பன்னிரண்டு படத்தில் எட்டு எடுத்தாகிவிட்டது, உள்ளே ரோல் கழுவாமல் கிடக்கிறது. 1966-லிருந்து கிடக்கிறது. இப்போது 1978.

முதல் தொடக்கம்: "கல்லல் யூனியன் ஆபீஸ் டைப்பிஸ்ட் அழகுசுந்தரம் ஒரு கலைஞர்." அப்பாவைத்தான் சொல்கிறேன். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "பனி விலகாத காலையில் கண்மாய்க் கரைப் பனைமரங்கள்" சீ, இது அப்பா எடுத்த படம் மாதிரியே இருக்கிறது. மரம் இருக்கும், ஆள் இருக்காது.

மூன்றாவது: "தை மாசம் மலாயாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது." சரி, இதையே வைத்துக்கொள்வோம்.

2

கடிதம் என் அம்மா அம்மாக்கண்ணுவுக்கு. எழுதியவர் அவளுடைய அப்பா பெத்தன். அம்மாவுக்குப் பத்து வயசில் ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனவர், அவள் கல்யாணத்துக்குக்கூட வர வாய்க்கவில்லை. பதினெட்டு வருசம்.

'நெஞ்சுச் சளி முத்திப்போச்சு. இனி ஊர் திரும்புவேன்னு தோணலை. உன் முகத்தை ஒரு தரம் பார்க்கணும் ஆத்தா. பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ அனுப்பு.'

அவ்வளவுதான் கேட்டார் மனுசர்.

பஸ் ஏறினால் காரைக்குடி. அங்கே ஹபீப் ரகுமானின் ஸ்டூடியோ. உட்கார வைப்பார், விளக்கைப் போடுவார், மூணாம் நாள் படம் கையில். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். நானும் பத்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள் திருத்தப் போயிருப்பேன்.

அப்பா சொன்னார்: "வீட்டுல கேமராவ வச்சுக்கிட்டு ஸ்டூடியோவுல போயி நிக்கிறதா? வெளிய தெரிஞ்சா என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

[இந்த மூஞ்சிப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ரோலைக் கழுவ அவர் போவது எங்கே? அதே ஹபீப் ரகுமானிடம்தான்!]

3

இந்த ஆளை நான் கதாபாத்திரமாக நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளில் கிளம்புவார். கல்லல் ஸ்டேஷன், கண்மாய், சைக்கிளின் நிழல், பிறகு அந்த நிழலையே இன்னொரு கோணத்தில். மனுசர்களை எடுக்க மாட்டார். கேட்டால், "அசையிறாங்க" என்பார். இப்படி ஒருத்தரை வில்லனாக்கினால் வாசகர் ஒப்புவாரா?

வில்லன் இல்லை என்பதற்குச் சாட்சியும் சொல்லிவிடுகிறேன். மாமனாருக்குப் போகும் படத்தில் மகள் ராணி மாதிரி இருக்க வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டார். அதனால் எங்களைக் கொத்தமங்கலத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டு வாசலில் நிறுத்தினார். அம்மா கழுத்தில் பக்கத்து வீட்டுச் சங்கிலி, கையில் தலைமைக் குமாஸ்தாவின் கடிகாரம்.

"யாரு வீடுங்க இது?"

"யாரு வீடா இருந்தா என்ன? உங்கப்பாவுக்குத் தெரியவா போகுது?"

தூண் எல்லாம் படத்தில் விழ வேண்டும், மேல் மாடம் விழ வேண்டும் என்று பின்னாலேயே போனார். ரோட்டைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டிப் போய் நின்றார். "இங்குட்டுப் பாரு!" என்று கத்தினார். எங்கே பார்ப்பது, ஆளே தெரியவில்லை.

படம் வந்தது. வீடு அற்புதம். வாசலில் ரெண்டு எறும்பு. பெரிய எறும்பு அம்மா.

"எங்கப்பா மூஞ்சியக் கேட்டாரா, தூணக் கேட்டாரா?" என்றாள் அம்மா. ஹபீப் ரகுமானும் சொல்லிப் பார்த்திருக்கிறார்: "அண்ணே, வீட்டுல அவுகளக் கூட்டியாங்க. அஞ்சே நிமிசம்." அதோடு அப்பா மூணு வாரம் அவரோடு பேசவில்லை.

4

இங்கே ஒரு விசயம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் என் அளவுக்குக் கோபப்பட மாட்டீர்கள். பன்னிரண்டும் எடுத்து முடிக்காமல் அப்பா ரோலை வெளியே எடுக்க மாட்டார். அது பாவம் என்று நினைத்தார். அம்மாவை மூன்றாவதாக எடுத்தால், மிச்சம் ஒன்பதுக்கும் பனைமரம் அமைய வேண்டும், வெயில் அமைய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அமைய வேண்டும். அதுவரை அம்மா பெட்டிக்குள்.

ரெண்டாவது ரோல் சித்திரையில்தான் கழுவ வந்தது. அதில் அம்மாவின் முகத்துக்குக் குறுக்கே ரயில் ஓடியது. ஸ்டேஷனில் ஒன்று எடுத்துவிட்டு அடுத்த படத்துக்கு ரோலைத் திருக மறந்து, அதே படத்தின் மேலேயே அம்மாவையும் எடுத்திருக்கிறார். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் எஞ்சின்.

அப்பா அதைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, "ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

(அம்மா அப்போது சொன்னதை எழுதினேன், அடித்துவிட்டேன். பிள்ளைகள் படிக்கிற கதை.)

வைகாசியில் இன்னொரு கடிதம். கையெழுத்து வேறு. 'படம் கிளம்பியாச்சா என்று உன் அப்பா தினமும் கேட்கிறார்.'

5

ஆனி மாசம் அம்மா எதையும் கேட்கவில்லை. மாவாட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து கையைக் கழுவினாள். சங்கிலி இல்லை, கடிகாரம் இல்லை. மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "எடுங்க. இப்பவே எடுங்க. கிட்ட வந்து எடுங்க" என்றாள்.

அப்பா பயந்துபோய் எடுத்தார். உடனே ரோலைத் திருகியும் விட்டார். நானே பார்த்தேன். அந்த மூணாவது ரோலில் அது ஐந்தாவது.

"இதைக் கழுவிருவீகல்ல?"

"இன்னும் ஏழு இருக்குல்ல? முடிச்சிட்டுக் கொடுத்துருவோம்."

6

ஆறாவது, ஏழாவது, எட்டாவது: பனைமரம், பனைமரம், இளையாத்தங்குடிக் குளம். எட்டாவதை எடுத்துவிட்டு அப்பா வீடு திரும்பிய சாயங்காலம் அம்மா கேட்டாள். அவர் சொன்னார், "இன்னும் நாலு படம் பாக்கி."

மறுநாள் தந்தி

இதை நான் ஏழு தடவை தொடங்கிவிட்டேன். தந்தி வந்தது, பெத்தன் இறந்துபோனார், அம்மா அழவில்லை, அவ்வளவுதான். அப்பா கேமராவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். அதற்குப் பிறகு தொடவே இல்லை. ஸ்டூடியோ பக்கம்கூடப் போகவில்லை.

7

இதுவரை எழுதியதை நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வாசலில் அப்பா பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார், ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை.

"அந்த ரோலக் கழுவிப் பாப்போமாம்மா? ஹபீப் ரகுமான்கிட்டக் கேட்டேன். படம் வந்தாலும் வருமாம்."

"வேணாம். இனி யாருக்குக் காட்ட?"

கொஞ்ச நேரம் புளியின் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏண்டி, இது கதைதான? கதையில நீ நெனச்சபடி எழுதலாம்ல?"

"எழுதலாம்."

"அப்ப போயிச் சேந்துச்சுன்னு எழுது. அவரு பாத்தாருன்னு எழுது."

வாசலில் பேப்பர் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

சரி, எழுதினேன். முதல் முடிவில் அப்பா எட்டோடு நிறுத்தி ரோலைக் கொடுத்துவிடுகிறார். ரெண்டாவது முடிவில் அம்மாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரைக்குடி பஸ் ஏறுகிறாள். ரெண்டிலும் கவர் கப்பல் ஏறுகிறது, தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்கிறது. பெத்தன் பாயில் எழுந்து உட்கார்கிறார். கவரைப் பிரித்துப் படத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். அதில் அவர் மகள்

ரெண்டு முடிவும் இதே இடத்தில் நின்றுவிடுகிறது. அன்றைக்கு மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் படம் எடுக்கும்போது வெயில் கண்ணில் குத்தி நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அம்மா சிரித்தாளா, அழுதாளா, கோபமாக நின்றாளா, நான் பார்க்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "நெனப்பில்ல" என்கிறாள். அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

படம் பெத்தன் கையில் இருக்கிறது. அவருக்கு மூச்சு வாங்குகிறது, ரொம்ப நேரம் பிடித்திருக்க முடியாது. என்னால் ஆகவில்லை. நீங்களாவது அந்த முகத்தை எழுதிவிடுங்கள், சீக்கிரம்.