பத்துச் சீவல்

அந்த மெழுகுக் கட்டி ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. பிளாஸ்டிக் சட்டத்தில் பதித்த வெள்ளை மெழுகு. அதற்குள்ளே சாம்பல் நிறத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துணுக்கு. எட்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணியின் மார்பிலிருந்து எடுத்த கட்டியில் மிச்சமிருப்பது அவ்வளவுதான். வேறொரு ஊர் ஆஸ்பத்திரியின் கிடங்கிலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து, திங்கட்கிழமை காலை இந்த ஆஸ்பத்திரி லேபின் கண்ணாடி ஜன்னலில் அதை நீட்டியவள் நாத்தனார்.

அவளை அனுப்புவதில் அண்ணிக்கு இஷ்டமே இல்லை. "அவளா? கண்ணாடி டம்ளர் எடுத்துட்டு வரச் சொன்னா ரெண்டு துண்டா கொண்டு வருவா" என்று சொல்லிப் பார்த்தாள். வீட்டில் நாத்தனாருக்குப் பேரே உடைசல்தான். ஆனால் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, அண்ணியால் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார முடியாது. புற்று இந்த முறை முதுகெலும்பில் வந்திருந்தது.

எலும்பிலிருந்தே ஒரு துண்டு எடுத்துப் பார்க்கக் கூடாதா என்று நாத்தனார் போன வாரமே டாக்டரிடம் கேட்டிருந்தாள். எலும்பை அமிலத்தில் ஊறவைத்து இளக்கினால்தான் சீவ முடியும், அப்படி ஊறியதில் இந்தப் பரிசோதனை சரியாக வராது என்றார் டாக்டர். புது மருந்து ஒன்றை ஆய்வு செய்கிறார்கள். புற்று செல்லின் மேல் ஒரு குறிப்பிட்ட புரதம் இருந்தால் மருந்து அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சமாக இருந்தாலும் போதுமா என்பதுதான் ஆய்வே. அதில் சேர வேண்டுமானால் பழைய கட்டியிலிருந்து பத்துச் சீவல் வேண்டும்.

லேப் அம்மா குள்ளமானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கட்டியை விளக்குக்கு நேரே பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"விரிசல் விட்டிருக்கே."

நாத்தனார் ஜன்னலை ஒட்டி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அங்க வாங்கும்போதே இப்படித்தான் இருந்ததா?"

"தெரியல மேடம். கொடுத்தாங்க, வாங்கிட்டு வந்தேன்."

பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் கையில் வாங்கும்போது மெழுகு பளிங்கு மாதிரி இருந்தது. "சூடு படாம பாத்துக்கோங்க" என்று கிடங்குக்காரர் சொன்னார். லேப் திங்கட்கிழமைதான் திறக்கும். தடுப்பூசி, ரத்தம், கண் மருந்து என்று எல்லாவற்றையும் குளிரில்தானே வைக்கிறார்கள்? அவளும் மூன்று பைகள் சுற்றி ஃப்ரீசரில் வைத்தாள். இரண்டு ராத்திரி எழுந்து எழுந்து போய் இருக்கிறதா என்று பார்த்ததும் அவள்தான்.

லேப் அம்மா உள்ளே திரும்பி, ஆய்வுக்கான ஃபைலோடு நின்றிருந்தவரைக் கூப்பிட்டார். வழுக்கைத் தலை, கழுத்தில் அடையாள அட்டை. ஆய்வில் யார் சேரலாம், என்ன காகிதம் வேண்டும் என்று பார்ப்பது அவர் வேலை.

"பழைய திசு. காய்ஞ்சுபோய் உள்ளேருந்தே வெடிச்சிருக்கும்னு நினைக்கிறேன்" என்றார் அவரிடம். "அப்படின்னா மெழுகை உருக்கி மறுபடி வார்க்கக் கூடாது. திசு பொலபொலன்னு உதிர்ந்துடும். விரிசல் போற ஆழம் வரைக்கும் சீவிக் கழிச்சிட்டு, அதுக்குக் கீழதான் எடுக்கணும்."

"பத்து வருமா?"

"நாலு வந்தா பெரிசு."

"நாலு வெச்சு நான் என்ன பண்ண? ஆய்வு நடத்தறவங்க வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

"என்னைக் கேட்டா? நான் என்ன கடையில வாங்கியா தர முடியும்?"

ஸ்கேன் முடிந்து அண்ணி அப்போதுதான் வந்து சேர்ந்தாள். இடுப்பில் பட்டை, ஒரு கை சுவரில். வந்ததும் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன உடைசல், பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் லேப் அம்மா கையுறை மாட்டிக்கொண்டு, கட்டியை இயந்திரத்தின் பக்கம் கொண்டுபோனார். சீவிக் கழிக்கப் போகிறார். கழித்தது கழித்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. அது நாத்தனாருக்கும் விளங்கியது. விளங்காதது ஒன்றுதான்: ஃப்ரீசர் என்று சொன்னால் ஏதாவது மாறுமா, இல்லை அவமானம் மட்டும் மிஞ்சுமா. அதுவும் அண்ணி பக்கத்தில் நிற்கும்போது. இருபத்திரண்டு வருஷமாக அவள் உடைத்த ஒவ்வொரு சாமானையும் தேதி வாரியாகச் சொல்லக்கூடியவள் அண்ணி.

நாத்தனார் விரல் முட்டியால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள்.

"மேடம், ஒரு நிமிஷம். நான் அதை ஃப்ரீசர்ல வெச்சிருந்தேன்."

லேப் அம்மா நின்றார்.

"எத்தனை நாள்?"

"ரெண்டு நாள். வாங்கும்போது விரிசல் இல்ல. நான் முதல்ல சரியா சொல்லல."

"இன்னிக்கு வெளிய எடுத்து எவ்வளவு நேரமாச்சு?"

"பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். இங்க வந்து அரை மணி நேரம். மடியிலயே வெச்சிருந்தேன்."

லேப் அம்மா கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, விரிசலைத் திரும்பவும் பார்த்தார். இந்த முறை அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"குளிர்ல வெடிச்சதுன்னா மெழுகு மட்டும்தான் போயிருக்கும், திசு நல்லாயிருக்கும். உருக்கி, புது அச்சுல ஊத்தி, மறுபடி பதிச்சுக்கலாம். சொன்னீங்களே, அதுவரைக்கும் புண்ணியம். இன்னும் ரெண்டு நிமிஷத்துல பாதியைச் சீவித் தள்ளியிருப்பேன்." அதோடு விடவில்லை. "ஆனா ஃப்ரீசர்ல வெச்சது தப்புதான். சாதாரணமா ஒரு அலமாரியில வெச்சிருந்தா போதும்."

"சரி மேடம்."

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் யாரோ சிந்திய சிவப்புச் சாயம் கழுவியும் போகாமல் இருந்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃப்ரீசர்ல எந்தத் தட்டுல வெச்ச?"

"மேல் தட்டு. ஐஸ் டிரேக்கும் பட்டாணி பாக்கெட்டுக்கும் நடுவுல."

"பட்டாணியோட பட்டாணியா என்னையும் போட்டு வெச்சுட்ட."

"கோவமா அண்ணி?"

"இல்லாம? முதுகு வலி கொஞ்சம் விடட்டும், நிதானமா திட்டறேன். அரையும் குறையுமா திட்டினா உனக்கும் உறைக்காது."

நாத்தனாருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. சிரிப்பை மட்டும் வெளியே விட்டாள்.

"பத்தலன்னா என்ன அண்ணி பண்றது?"

"வேற மருந்து இருக்காம். அதுவும் வேலை செய்யுமாம், கொஞ்ச நாளைக்கு." கொஞ்ச நாளைக்கு என்பதை அண்ணி காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள். "என் பொண்ணு படிப்பை முடிக்க இன்னும் மூணு வருஷம் இருக்கு. அவ்வளவு தூரம் வருமான்னு கேட்டேன். டாக்டர் பேனாவையே பாத்துக்கிட்டிருந்தார்."

நாத்தனார் அண்ணியின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மெழுகு உருகி, புது அச்சில் ஆறி, இறுகி வர மதியம் ஆகிவிட்டது. அதன் பிறகு நடந்தது முழுவதும் கண்ணாடி வழியே தெரிந்தது. லேப் அம்மா சீவ வாகாகக் கொஞ்சம் இறுகட்டும் என்று கட்டியை ஐஸ் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, இயந்திரத்தில் புது பிளேடு பூட்டினார். பிறகு கட்டியைப் பூட்டி, கீழே குனிந்து, பிளேடுக்கும் மெழுகுக்கும் நடுவில் தெரியும் வெளிச்சக் கீற்றைப் பார்த்துப் பார்த்துக் கோணத்தைத் திருத்தினார். அது நேராக அமையாவிட்டால் முதல் பத்துச் சுற்று வீணாகப் போய்விடும் என்று ஃபைல்காரர் வெளியே வந்து விளக்கினார். அவருக்கும் உள்ளே நிற்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"எவ்வளவு மெல்லிசா சீவுவாங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒரு மில்லிமீட்டரை இருநூத்தம்பதா பிரிச்சா அதுல ஒண்ணு."

"என் மாமியார் பூசணிக்காய்த் துண்டு போடற மாதிரின்னு சொல்லுங்க. ஒரு காயை ஊருக்கே பங்கு வெப்பாங்க."

"எங்கம்மாவை இழுக்காட்டி உங்களுக்குப் பொழுது போகாதே" என்றாள் நாத்தனார்.

லேப் அம்மா வாயைக் கட்டியின் அருகே கொண்டுபோய், குழந்தையின் காயத்துக்கு ஊதுவது போல ஹா என்று மெல்ல மூச்சை விட்டார். சக்கரத்தைச் சுற்றினார். பிளேடிலிருந்து வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு நாடா நெளிந்து இறங்கியது. தூரிகை முனையால் அதை ஏந்தி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, ஒரு கண்ணாடித் தகட்டை அடியில் கொடுத்து மேலே எடுத்தார். ஒன்று. திரும்ப மூச்சு, திரும்பச் சுற்று. ஐந்துக்குப் பிறகு மூவரும் எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒன்பதாவதை எடுத்துவிட்டு லேப் அம்மா இயந்திரத்தை நிறுத்தி வெளியே வந்தார்.

"எட்டு முழுசா இருக்கு. ஒன்பதாவது ஓரமா கிழிஞ்சுடுச்சு. அதுக்கு மேல வெறும் மெழுகு."

"பத்துன்னு எழுதியிருக்கே" என்றார் ஃபைல்காரர்.

"எனக்கும் எழுதப் படிக்கத் தெரியும். போன் போடுங்க."

அவர் வராந்தாவின் கோடியில் நின்று பேசினார். நாத்தனாருக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு தடவை 'எட்டு' என்றார், ஒரு தடவை 'ஃப்ரீசர்' என்றார். நாத்தனார் தரையைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவர் நடை கொஞ்சம் வேகமாக இருந்தது.

"எட்டு ஓகேவாம். ஆனா ஒரு நிபந்தனை. இவ்வளவு கீழே வந்த பிறகும் அந்தச் சீவல்ல புற்று செல் இருக்கணும். சாதாரணத் திசு மட்டும் இருந்தா அனுப்பியும் பிரயோஜனம் இல்லையாம்."

"அதுக்குத்தான் கிழிஞ்சதைத் தூக்கிப் போடாம வெச்சிருக்கேன்" என்றார் லேப் அம்மா. "அதுல சாயம் ஏத்திப் பாத்துடலாம். எட்டுல கை வைக்க வேணாம்."

அதற்கு இன்னும் ஒரு மணி நேரம். பிறகு நுண்ணோக்கி அறைக் கதவு பாதி திறந்தபடியே இருந்தது. உள்ளே டாக்டரம்மா குனிந்து, தகட்டை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். அண்ணி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. அவள் பிடித்திருந்த பிடியில் நாத்தனாரின் மணிக்கட்டு வலித்தது.

டாக்டரம்மா தலையைத் தூக்கினார்.

"புற்று செல் இருக்கு. நிறையவே இருக்கு."

எட்டு வருஷமாக எந்த ரிப்போர்ட்டைப் பிரித்தாலும் வந்துவிடக் கூடாது என்று பயந்த வார்த்தை அது. போன மாதம் அதே வார்த்தையைக் கேட்டு ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து அழுதவள் அண்ணி.

"ரொம்ப நன்றி டாக்டர்" என்றாள் இப்போது. சொன்ன பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும்; நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா ஒன்றும் புரியாமல், அடுத்த நோயாளியின் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.