படி ஏறாதவர்களின் ஓட்டு

1.

இந்தக் கதை என் இடது முழங்காலில் ஆரம்பித்தது. அதற்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் அம்மா வார்டு தேர்தலில் நின்று தோற்றார். அந்த வார்டில் எனக்கு ஓட்டு இல்லை. என்னிடம் இருப்பது பேனா மட்டும். ஆபத்தே அதுதான்.

முதல் வரி இப்படி வந்தது: "ஜனநாயகம் என்பது—"

(அடித்துவிட்டேன். கட்டுரைப் போட்டியா நடக்கிறது?)

2.

அவள் (கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்', மன்னிக்கட்டும்) வேலை பார்த்தது வார்டின் சின்ன ஆஸ்பத்திரியில், பின்னறையில். எதிர்த்து நின்ற சிமென்ட் கடைக்காரர், அதை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் கட்டுவேன் என்று வெளிப்படையாகவே சொல்லி ஓட்டுக் கேட்டார். ஆஸ்பத்திரியைக் காப்பாற்றத்தான் அவள் நின்றாள்.

வாக்குச்சாவடி எப்போதும் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும். இந்த முறை அங்கே அடித்த பெயிண்ட் காயவில்லை என்று மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அவளிடம் வைத்தியம் பார்க்கும் முழங்கால்காரர்களும் இடுப்புக்காரர்களும் வந்தார்கள், படியைப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். கைகொடுக்க வந்தவர்களையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். "படி மட்டும் ஏறவே கூடாது" என்று மாதக்கணக்கில் அவர்களைத் திட்டித் தீர்த்தவள் அவளேதான்!

பதினோரு ஓட்டில் தோற்றாள். திரும்பிப் போனவர்கள் அதைவிட அதிகம்.

3.

மறுபடி எண்ணச் சொன்னாள். அதே கணக்குத்தான் வந்தது. படியைப் பற்றிச் சொன்னாள்.

"எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்புறேன். ஆனா ரிசல்ட்டை நிறுத்த முடியாது," என்றார் அதிகாரி.

வெளியே அவள் தம்பி கொதித்துக்கொண்டிருந்தான். "நீ வெளிய வந்ததும் கேட்டைப் பூட்டிட்டோம்க்கா. சிமென்ட்டு உள்ளதான் இருக்கான். நீ தலையை மட்டும் ஆட்டு, மிச்சத்தை நம்ம பசங்க பாத்துக்குவாங்க."

"சாவியைக் குடுடா."

"அவன் எங்கக்கா ஜெயிச்சான்? உன்னைத் தோக்கடிச்சது மாடிப்படி!"

"ஆமாடா, மாடிப்படிதான். ஆனா ஏறிப் போய் அவருக்குப் போட்டவங்களும் நம்ம தெரு ஆளுங்கதானே? அந்த ஓட்டையெல்லாம் எந்தக் குப்பைத்தொட்டியில கொண்டுபோய்க் கொட்டச் சொல்றே? நான் மனு குடுக்கிறேன். ஆளைப் பூட்டி வெக்க மாட்டேன். குடு."

சாவியைத் தரையில் எறிந்தான். அவள் குனிந்து எடுத்தாள். பூட்டைத் திறக்கும்போது அழுதாள். யாருக்கும் தெரியாமல் அழுதாள் என்று எழுதப் பார்த்தேன், எல்லோரும்தான் பார்த்தார்கள்.

4.

கதைக்கு நான் யோசித்த முடிவுகள்:

அ) மனு ஏற்கப்பட்டு, கீழ்த்தளத்தில் மறுபடியும்— (நடக்கிற காரியமா?)

ஆ) சிமென்ட் கடைக்காரர் மனம் மாறுகிறார். இதைப் படித்த என் மனைவி, "அந்த மூஞ்சி மனசு மாறுற மூஞ்சியாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இ) மேலே நான் எழுதிய பதினோரு ஓட்டுக் கணக்கை மட்டும் மாற்றுவது. ஒரு வரி திருத்தினால் போதும், அவள் ஜெயித்துவிடுவாள்.

அந்த வரியில் பேனாவை வைத்தும்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஓட்டே இல்லாத வார்டில் நான் போடப் பார்ப்பது கள்ள ஓட்டு. இதற்காகவா அவள் குனிந்து அந்தச் சாவியை எடுத்தாள்? கணக்கை அப்படியே விட்டேன்.

5.

மனு எங்கோ தூங்குகிறது. மாதக் கடைசியில் இடிப்பு என்று ஆஸ்பத்திரி வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். தம்பி அவளிடம் பேசுவதில்லை.

தேர்தலுக்குப் பிறகு அவளிடம் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்தவர் ஒரு பழைய தையல்காரர்.

"ஓட்டுப் போடத்தாம்மா வந்தேன். படியைப் பாத்தேன், திரும்பிட்டேன். உன் பேச்சை மீறல பாத்தியா!" என்றார், பெருமையாக.

அவள் அவரை வாசலில் இருந்த ஒற்றைப் படிக்குக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு இது ஒண்ணு மட்டும் ஏறலாங்கய்யா. நல்ல காலை முதல்ல வைங்க."

"அடுத்த எலெக்‌ஷனுக்குள்ள மாடி ஏறிடுவேனாம்மா?"

அவருக்கு எண்பது வயது. அந்தப் படிக்கு இந்த மாதம் மட்டும்தான் ஆயுசு.

அவள் என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. அந்த வார்டில் உங்களுக்கு ஓட்டு இருந்தால், நீங்கள் எழுதுங்கள்.