ட்வெய்ட் எழுதிக் கொடுத்த பெயர்

அணுகுண்டு விழுந்து சட்டமன்ற உறுப்பினர்கள் செத்துப்போனால் அவரவர் இடத்தில் யார் உட்காருவது என்று முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். 1961-ல் எங்கள் மாநிலத்தில் வந்த சட்டம் அது. படிவங்களை வாங்கி வைப்பது சட்டமன்ற அலுவலகத்தில் என் வேலை. எல்லோரும் கொடுத்துவிட்டார்கள், கோதுமை விவசாயி ஆல்வின் ட்வெய்ட்டைத் தவிர.

"நான் சாகணும்னு காத்திருக்கறவன் பேரை நானே எழுதணுமா, வெர்னா?" என்றார்.

"உங்க மச்சினரை எழுதுங்க சார்."

"அவனா? என் உடம்பு எப்படியிருக்குன்னு போன வாரம் ரெண்டு தடவ கேட்டான்."

பாங்க் மானேஜர், பாதிரியார் என்று யாரைச் சொன்னாலும் அவருக்குச் சந்தேகம். அடுத்த வருஷம் மார்ச்சில் ஒருவழியாக ஒரே ஒரு பெயரை எழுதிக்கொண்டு வந்தார்: ஐடா கோல்ஸ்டட். இரண்டு தேர்தலில் அவரை எதிர்த்து நின்று தோற்ற பள்ளி ஆசிரியை.

"இவங்களையா?"

"என் நாற்காலி வேணும்னு அவ ஊரறியக் கேக்கறா. மத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?"

ஐடாவின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். ஃபோன் செய்தேன்.

"இதென்ன தந்திரம்? கையெழுத்துப் போட்டா நான் தேர்தல்ல நிக்க முடியாதா?"

அப்படியெல்லாம் இல்லை என்றேன். நம்பவில்லை. பனியில் தொண்ணூறு மைல் கார் ஓட்டி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மேஜையருகே நின்று சட்டத்தை வரிவரியாக இரண்டு முறை படித்தார். அப்புறம்தான் கையெழுத்து. போகும்போது ஒரு நகல் கேட்டார். யார் கேட்டாலும் தரவேண்டிய காகிதம் அது. தந்தேன்.

அக்டோபரில், கியூபாவில் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து எந்நேரமும் அணுகுண்டு விழலாம் என்று எல்லோரும் பயந்திருந்த வாரம், அந்த நகல் அவர்கள் ஊர்ப் பத்திரிகையில் அரைப்பக்க விளம்பரமாக வந்தது. கீழே இப்படி அச்சாகியிருந்தது: "தன் இடத்துக்கு ஐடாதான் தகுதி என்று திரு. ட்வெய்ட்டே சொல்கிறார். குண்டு விழும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?"

ட்வெய்ட் நேரே என்னிடம் வந்தார்.

"நீதானே அவளுக்கு இந்த யோசனை சொன்னது?"

"இல்ல சார்."

"நகல் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"அதானே பாத்தேன்."

நவம்பர் தேர்தலில் முப்பத்தெட்டு ஓட்டு வித்தியாசத்தில் ஐடா ஜெயித்தார். டிசம்பரில் தன் மேஜையைக் காலி செய்ய வந்த ட்வெய்ட் வாசல் காவலர்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என் பக்கம் திரும்பவில்லை.

ஐந்து வருஷம் கழித்து அவர் மாரடைப்பில் போனபோது அடக்கத்துக்குப் போயிருந்தேன்.

"வெர்னாங்கறது நீங்கதானா?" என்றார் அவர் மனைவி. நீட்டிய என் கையை அவர் பிடிக்கவில்லை.